ஐந்தாவது கேள்விக்குப் பதில்

மாரெட்பள்ளி, சிகந்தராபாத்
19-6-1978

சௌபாக்கியவதி கல்பகத்துக்கு அண்ணாவின் ஆசிகள்.

இங்கே நான், உன் மன்னி ராஜம், பெண் பாமா மூவரும் சுகம். ராஜத்தின் முழங்கால் மட்டும் வானொலிக்கு முன்பாகவே மழையை அறிவித்துவிடுகிறது. கோயமுத்தூரில் உங்கள் அனைவரின் சுகத்தையும் அறிய ஆவல். சின்னவனுக்கு இருமல் என்று எழுதியிருந்தாய். நின்றதா என்று எழுதவில்லை.

இந்தக் கடிதம் உனக்கானது போலவே மாப்பிள்ளை பாலசுப்ரமணியனுக்கும் ஆனது. டிராக்டர்களைப் பிரித்துப் பூட்டும் கைகளுக்கு ஒரு சந்தேகம் அனுப்புகிறேன்.

பாலாநகரில் எங்கள் தொழிற்சாலைக்கு 1971-இல் வந்த வெளிநாட்டு நிபுணர்கள், திரும்பிப் போகும்போது ஒரு புல்வெட்டும் இயந்திரத்தை விட்டுச் சென்றார்கள். கையால் தள்ளுவது அல்ல. மேலே அமர்ந்து ஓட்டுவது. பார்வைக்கு ஒரு சிறு டிராக்டர், வயிற்றுக்கடியில் கத்திகள். நிர்வாகக் கட்டிடத்தின் முன்னுள்ள புல்வெளியையும், சாலைக்கு அப்பால் விருந்தினர் மாளிகையின் புல்வெளியையும் அதுவே வெட்டி வந்தது. அதை எந்தப் பதிவேட்டில் சேர்ப்பது என்பதே அன்று பெரும் பிரச்சினை. வாகனம் என்றால் பதிவு எண், இன்ஷூரன்ஸ், லைசென்ஸ் உள்ள டிரைவர் ஆகியவை வேண்டும். கட்டிடங்களையும் தோட்டத்தையும் பார்க்கும் எஸ்டேட் பிரிவு சில ஆண்டுகள் என் பொறுப்பில் இருந்தபோது, 'தோட்டக் கருவி, உட்காரும் வசதியுள்ளது' என்று எழுதி, கத்தரிக்கோலுக்கும் பூவாளிக்கும் நடுவே சேர்த்தேன். தணிக்கையில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

ஜூன் ஆறாம் தேதி அது நின்றுவிட்டது. என்ஜின் ஓடுகிறது, சக்கரம் அசைவதில்லை. டிரான்ஸ்மிஷன் போய்விட்டது என்கிறார்கள். பம்பாய் முகவர், இறக்குமதி செய்து மாற்ற ரூ. 11,800 என்கிறார், இறக்குமதி லைசென்ஸ் நம் பொறுப்பு. இங்குள்ள ராணிகஞ்ச் பட்டறைக்காரர் ரூ. 2,350-க்கு அம்பாசடர் காரின் கியர்பாக்ஸைப் பொருத்தித் தருவதாகச் சொல்கிறார். தொழிற்சாலைக்குள்ளேயே கருவிகளைப் பழுது பார்க்கும் எங்கள் டூல் ரூமோ, கியர் எதுவும் தேயவில்லை, எனவே பழுதே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டது. மூன்றும் ஒரே இயந்திரத்தைப் பற்றியவை என்பதை நம்ப எனக்குச் சிரமமாக இருக்கிறது.

இது வெறும் செலவுப் பிரச்சினையாக இருந்தால் உன்னைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். அதை ஓட்டுபவன் தேவராஜ் என்று ஒருவன். லாலாகுடா ரயில்வே குடும்பம். ஆறு ஆண்டுகளாகத் தினக்கூலி, நாளொன்றுக்கு ஒன்பது ரூபாய். வருகிற மார்ச் முப்பத்தொன்றில் நிரந்தரமாக்கப்படுபவர்களின் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது. அவனுடைய அலட்சியத்தால்தான் பழுது என்று குற்றச்சாட்டு கொடுத்திருக்கிறார்கள். நிரூபணமானால் செலவு முழுவதும் அவனிடம் வசூலிக்கப்படும், வேலையிலிருந்தும் நீக்கப்படுவான். விசாரணை அதிகாரியாக என்னை நியமித்திருக்கிறார்கள். காரணம் தெரியாமல் நான் எதை விசாரிப்பது?

மாப்பிள்ளையின் கருத்தை எழுதச் சொல். குழந்தைகளுக்கு ஆசிகள்.

அண்ணா,
ரகுநாதன்

*

கோயமுத்தூர்
2-7-1978

அண்ணாவுக்கும் மன்னிக்கும் நமஸ்காரம். பாமாவுக்கு என் அன்பு. அவள் இப்போதாவது தமிழில் பதில் சொல்கிறாளா, இல்லை இன்னும் தெலுங்கில் 'ஏமி அத்தா' தானா?

இருமல் நின்றுவிட்டது. நின்றதை எழுதாதது என் தப்புதான், விசாரணை வைத்துவிடாதே.

உன் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். 'உட்காரும் வசதியுள்ளது' என்ற இடத்தில் இவர் சிரித்த சிரிப்பில் பட்டறை ஆட்கள் எல்லாரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். "உங்கண்ணா என் ஸ்கூட்டரைப் பார்த்தா அதையும் நாற்காலின்னு எழுதிடுவார்" என்றார். அப்புறம் அம்பாசடர் கியர்பாக்ஸ் என்று வாசித்ததும் சிரிப்பு போய்விட்டது. "அந்த ஆள் கிட்ட மெஷினைக் குடுத்துடப் போறார், உடனே எழுது" என்றார்.

இவர் கையில் எப்போதும் எண்ணெய். அதனால் நான்தான் எழுதுகிறேன். இவர் கேட்கும் கேள்விகள் ஏழு:

1. மெஷின் வந்து சரியாக எத்தனை வருஷம்?
2. கியர் மாற்றும் தடி இருக்கிறதா, காலால் அழுத்தும் பெடல் மட்டுமா?
3. உள்ளே இருந்த எண்ணெய் என்ன நிறம், என்ன வாசனை?
4. நிற்பதற்கு முன்னால் சத்தம் வந்ததா?
5. என்ஜினை அணைத்துவிட்டு, மெஷினைக் கயிறு கட்டி இழுத்தது உண்டா? எத்தனை தடவை, எவ்வளவு தூரம்?
6. மேட்டில் ஏறும்போது இழுவை குறைந்ததா?
7. எடை எவ்வளவு?

ஆளை வேலையை விட்டு எடுக்கிற அளவுக்குப் புல்லில் என்ன இருக்கிறது அண்ணா? சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கை,
கல்பகம்

*

மாரெட்பள்ளி
15-7-1978

சௌபாக்கியவதி கல்பகத்துக்கு ஆசிகள். இங்கு அனைவரும் சுகம். பாமா தமிழில் பதில் சொல்கிறாள். ஆனால் கேள்வி இந்தியில் இருந்தால்தான்.

மாப்பிள்ளையின் வினாக்களுக்கு விடைகள்:

1. ஏழு ஆண்டு, இரண்டு மாதம்.

2. தடி இல்லை. ஒரே பெடல், முன்னால் அழுத்தினால் முன்னும், பின்னால் அழுத்தினால் பின்னும் போகும். தேயக் கூடிய கியர் எங்கே இருக்கிறது என்று டூல் ரூமைக் கேட்டேன். அது இல்லாததால்தான் அது தேயவில்லை என்று பதில் வந்தது. இதைக் குறிப்பில் எப்படி எழுதுவது என்று எனக்குப் புரியவில்லை.

3. கறுப்பு. தீய்ந்த வாசனை. அட்டவணைப்படி மாற்றப்பட்டதற்குக் கையெழுத்துகள் உள்ளன.

4. வந்தது. 'ஊளை' என்கிறான் தேவராஜ்.

6. ஆம். ஓராண்டாக விருந்தினர் மாளிகையின் சரிவில் திணறியிருக்கிறது.

7. முந்நூற்றுப் பத்து கிலோ. லாரி எடைமேடையில் நானே நின்று சரி பார்த்தேன்.

மாப்பிள்ளை தோராயமான செலவைக் குறிப்பிட்டால், பம்பாய்க்காரருடைய மதிப்பீட்டோடு ஒப்பிட உதவும். மழை தொடங்கிவிட்டது. புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. நேற்று அதில் ஒரு எருமை நின்றது.

அண்ணா

*

கோயமுத்தூர்
24-7-1978

அண்ணாவுக்கு நமஸ்காரம். எல்லாரும் சௌக்கியம்.

இவர் உன் கடிதத்தை முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்தார். "கல்பகம், அஞ்சைக் காணோமே" என்றார். "எங்கண்ணா எதையும் விடமாட்டான், உங்களுக்குத்தான் எண்ணத் தெரியலை" என்று நான் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நாலுக்கு அப்புறம் ஆறு.

தபாலில் ஒரு தாள் விழுந்துவிட்டதோ?

அந்தக் கேள்விதான் முக்கியம் என்கிறார். இந்த வகை மெஷினில் பல் சக்கரம் கிடையாதாம். என்ஜின் ஒரு பம்பை ஓட்டும். பம்பு எண்ணெயை அழுத்தும். அந்த அழுத்தம்தான் சக்கரத்தைச் சுற்றும். என்ஜினை நிறுத்திவிட்டு வெளியிலிருந்து இழுத்தால், சக்கரம் தலைகீழாக எண்ணெயை அழுத்தும். போக வழி இல்லாமல் எண்ணெய் கொதித்து உள்ளே எல்லாம் உரசிப் போகும். ஒரு நாள் இழுத்தால் தெரியாது. தினம் இழுத்தால் கட்டாயம் போகும். "ஓட்டறவன் எவ்வளவு மோசமா ஓட்டினாலும் இப்படிக் கறுக்காது. இழுக்கச் சொன்னவன் யாருன்னு பார்க்கச் சொல்லு" என்றார்.

பதில் எழுது.

கல்பகம்

*

மாரெட்பள்ளி
30-8-1978

சௌபாக்கியவதி கல்பகத்துக்கு ஆசிகள். இங்கு சுகம், அங்கும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

பதில் எழுதத் தாமதமாயிற்று. ராஜத்தின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க நேர்ந்தது. முதல் டாக்டர் மேல் பல் என்றார், இரண்டாமவர் கீழ்ப் பல் என்றார். நல்லவேளையாக இரண்டாமவரிடம் பிடுங்கினோம். பாமாவுக்குக் கல்லூரியில் புள்ளியியல் கிடைத்திருக்கிறது.

ராணிகஞ்ச் பட்டறைக்காரர் ரூ. 2,350 என்பதை 2,900 ஆக்கியிருக்கிறார். ஏன் என்று கேட்டால் எருமையைக் காரணம் சொல்கிறார். புல் நீண்டுவிட்டதாம், அதிக பலம் உள்ள கியர்பாக்ஸ் வேண்டுமாம். பம்பாய்க்காரர் பதிலே எழுதவில்லை. ஒரு பொருள் ஏன் கெட்டது என்று தெரியாதபோது அதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று இத்தனை பேர் இத்தனை உறுதியாகச் சொல்ல முடிவது எனக்குத் திகைப்பாக இருக்கிறது. எல்லா விதிகளும் பின்பற்றப்பட்டிருக்கின்றன. அப்படியிருந்தும் இயந்திரம் நிற்கிறது. விதி மீறப்படாத இடத்தில் தவறு எப்படி நுழைந்தது என்று யோசித்து யோசித்து, கோப்பைத் திறந்தால் எந்தப் பக்கத்தில் நிறுத்தினேன் என்பதே மறந்துவிடுகிறது.

ஐந்தாவது வினா குறித்து விவரம் சேகரித்து வருகிறேன்.

குழந்தைகளுக்கு ஆசிகள்.

அண்ணா

*

கோயமுத்தூர்
3-10-1978
(தபால் அட்டை)

அண்ணாவுக்கும் மன்னிக்கும் நமஸ்காரம். கொலு வைத்தாயிற்று. ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. விவரம் சேர்ந்ததா? மன்னியின் பல் வலி குறைந்ததா? இவர் கேட்கச் சொன்னார். பல்லை அல்ல.

கல்பகம்

*

மாரெட்பள்ளி
6-11-1978

அன்புள்ள கல்பகத்துக்கு மன்னியின் ஆசீர்வாதம்.

எல்லாரும் சௌக்கியம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்துவிட்டேன். உன் அண்ணாதான் சரியாக இல்லை. காய்ச்சல் தலைவலி ஒன்றும் கிடையாது. தினம் காலையில் ஒரு டைப் அடித்த காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போகிறார். சாயங்காலம் அதே காகிதத்தோடு திரும்பி வருகிறார். சட்டையைத் துவைக்கப் போடும்போது நான் அதை எடுத்து வைத்தால் என்னிடமிருந்து வாங்கிக்கொள்கிறார். உனக்குக் கடிதம் எழுத உட்காருகிறார், தேதி மட்டும் போடுகிறார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அந்தத் தேவராஜ் வந்தான். கூட அவன் பெண்டாட்டி அன்னக்கிளி, கையில் சீத்தாப்பழக் கூடை. கூடையைப் பார்த்ததும் இவர், "இது கூடாது. விசாரணை நடக்கும்போது எதையும் வாங்கக் கூடாது" என்று எழுந்தே விட்டார். அந்தப் பெண் பயந்து கூடையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். நான் அவளை உள்ளே கூட்டிப் போய்விட்டேன். ஆனால் பேச்செல்லாம் காதில் விழுந்தது. விழுந்தபடி எழுதுகிறேன். அவன் பேச்சில் இந்த ஊர் உருது கலந்திருக்கும்: நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு, ஹவ் என்றால் ஆமாம்.

"உட்காருப்பா" என்றார்.

"நக்கோ சார், நிக்கிறேன். விளக்கம் குடுக்கச் சொல்லி நாலாவது நோட்டீஸ் வந்திருக்கு சார். என்ன எழுதணும்?"

"உன் விளக்கத்தை நீதான் எழுதணும். விசாரணை பண்றவன் எழுத முடியாது."

"எனக்கு இங்கிலீஷ் ஏது சார்? நீங்க எழுதிடுங்க, நான் கையெழுத்துப் போடறேன். உங்களுக்குத் தெரியாததா?"

இவர் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"மெஷினைக் கயிறு கட்டி டிராக்டர் பின்னாடி இழுத்துக்கிட்டுப் போனோம்னு எழுதலாமா சார்?"

"உண்மைதானே அது. எழுதலாம்."

"இழுக்கச் சொன்னது சார்தான்னு?"

கல்பகம், சமையலறையில் நான் அடுப்பை அணைத்துவிட்டேன்.

"நக்கோன்னா விட்டுடறேன் சார். கைக்கு வம்பு? மார்ச் லிஸ்ட்டுல என் பேர் இருந்தா போதும். எங்கப்பா வொர்க்ஷாப்புல முப்பத்தஞ்சு வருஷம் பர்மனெண்ட்டு. நான் ஆறு வருஷமா கூலின்னு அவருக்கு இன்னும் சொல்லல. ஆபீசர் வண்டி ஓட்டறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அப்புறம் அவனே, குறை சொல்கிற மாதிரிகூட இல்லை, ஏதோ பழைய சினேகிதனிடம் கேட்கிற மாதிரி கேட்டான்: "இழுக்கும்போது உள்ள கத்துதுன்னு ரெண்டு தடவை வந்து சொன்னேனே சார், ஞாபகம் இருக்கா?"

"எழுத்து மூலம் கொடுக்கச் சொன்னேன்" என்றார் இவர்.

"ஹவ் சார். சொன்னீங்க."

அவ்வளவுதான். அவன் காபியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான். இவர் டம்ளர் அப்படியே இருந்தது. சீத்தாப்பழத்தை அவர்கள் திருப்பி எடுத்துப் போய்விட்டார்கள்.

இதையெல்லாம் நான் எழுதினேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். உன்னிடம் ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

மன்னி,
ராஜம்

*

கோயமுத்தூர்
20-11-1978

அண்ணாவுக்கு நமஸ்காரம். இங்கே சௌக்கியம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். மன்னியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பல்லைப் பற்றி எழுதியிருந்தாள்.

டிரான்ஸ்மிஷனை மட்டும் கழற்றிப் பெட்டியில் போட்டு ரயில் பார்சலில் அனுப்பினால் இவர் பிரித்துப் பார்த்துச் சரியான செலவைச் சொல்கிறாராம். ஆனால் ஐந்தாவது கேள்விக்குப் பதில் வராமல் எஸ்டிமேட் போட முடியாது என்கிறார். போட முடியும் என்று எனக்குத் தெரியும். பதினாறு வருஷமாக இவர் பட்டறையைப் பார்க்கிறேன். முடியாது என்று வேண்டுமென்றேதான் சொல்கிறார்.

நானும் அதையே சொல்கிறேன்.

உன் தங்கை,
கல்பகம்

*

மாரெட்பள்ளி
17-12-1978

சௌபாக்கியவதி கல்பகத்துக்கு ஆசிகள்.

ஐந்தாவது கேள்விக்குப் பதில்: ஆம். 14-8-1976 முதல் 6-6-1978 வரை, வேலை நாள்தோறும் இரு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு புல்வெளியிலிருந்து மறு புல்வெளி வரை முந்நூற்று இருபது அடி, என்ஜின் அணைந்த நிலையில். ஏறத்தாழ ஆயிரத்து எண்பது முறை. கூட்டிப் பார்த்தேன், அறுபத்தைந்து மைல். வாரங்கல் போகும் வழியில் பாதிக்கு மேல் அந்த இயந்திரத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துச் சென்றிருக்கிறோம்.

இழுக்கச் சொன்னவன் நான். அலுவலக ஆணை எண் 41/76.

ஏன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இரு புல்வெளிகளுக்கும் நடுவே ஓடுவது பொதுச் சாலை; 1976 வரை இயந்திரம் அதைத் தானாகவே ஓடிக் கடந்து வந்தது. பதிவு எண் இல்லாத வாகனம் தன் சக்தியால் பொதுச் சாலையில் ஓடக் கூடாது. அதை வாகனம் அல்ல, கருவி என்று பதிந்தவன் நானே; கருவி சாலையில் தானாக ஓடினால் என் பதிவே பொய்யாகிவிடும். கயிறு கட்டி இழுத்தால் அது சுமை. சுமைக்குப் பதிவு எண் வேண்டியதில்லை. இந்த ஆணையை எழுதி முடித்த அன்று எனக்கு ஏற்பட்ட திருப்தி இன்றும் நினைவிருக்கிறது. அதில் ஒரு கமாவைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஏழு கேள்விகளோடு உன் ஜூலைக் கடிதம் வந்த மறுநாள் இயந்திரத்தின் கையேட்டைத் தேடினேன். நூலக அலமாரியில், 'பார்வைக்கு மட்டும். வெளியே தரப்படாது' என்ற சீட்டோடு இருந்தது. சீட்டில் என் கையெழுத்து. தோட்டத்தில் வைத்தால் மழையில் நனைந்துவிடும் என்று 1974-இல் நானே அங்கே வைத்தது. நான்கு ஆண்டுகளில் ஒருவரும் அதைப் பார்த்ததற்குப் பதிவு இல்லை. பதினேழாம் பக்கத்தில் ஒரு படம்: இயந்திரம், கயிறு, அதை இழுக்கும் ஒரு டிராக்டர். படத்தின் மேல் குறுக்காக இரண்டு கறுப்புக் கோடுகள். அதைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தேவராஜ் பார்த்திருந்தால் ஒரு நொடியில் புரிந்துகொண்டிருப்பான். ஓட்டுபவரின் இருக்கைக்கு அடியில் ஒரு குமிழ் இருக்கிறதாம். என்ஜினை அணைத்து நகர்த்துவதற்கு முன், எண்ணெய்க்கு வழி விட அதைத் திறந்துவிட வேண்டுமாம்.

இதையெல்லாம் ஜூலையிலேயே அறிந்தேன். ஐந்து மாதம் என்ன செய்தேன் என்று நீ கேட்கவில்லை. நான் என்னையே கேட்டுப் பார்க்கிறேன். விசாரணை அதிகாரி தன்னையே சாட்சியாக அழைக்க விதியில் இடமில்லை. விதியின்படி நடந்ததை அலட்சியம் என்று சொல்லவும் இடமில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு விதிப் புத்தகத்தைத் திறந்து, இதற்கு எங்கேனும் ஒரு பிரிவு இருக்கும் என்று தேடினேன். இருபத்தேழு ஆண்டுப் பணியில் என் கோப்பில் ஓர் எச்சரிக்கைகூட இல்லை. அதற்காகத்தான் தேடினேனோ என்ற சந்தேகம் எனக்கு இப்போது வருகிறது. சந்தேகம் என்றுதான் எழுத முடிகிறது.

தேவராஜ் ஒரு நாள் என்னைப் பார்க்க வந்திருந்தான். அதைப் பற்றி எழுத இயலவில்லை.

சென்ற திங்கட்கிழமை, பையிலேயே வைத்திருந்த குறிப்பை ஜெனரல் மானேஜர் புருஷோத்தமனிடம் கொடுத்தேன். விசாரணையிலிருந்து என்னை விடுவிக்க வேண்டும். நான் அதில் ஒரு தரப்பு. இணைப்பு ஒன்று ஆணை 41/76, இணைப்பு இரண்டு கையேட்டின் பதினேழாம் பக்கம். அவர் இரண்டு முறை படித்தார்.

"ரகுநாதன், இந்த ஃபாக்டரில தப்புப் பண்ணினவா நூறு பேர் இருக்கா. தன் மேல தானே சார்ஜ் ஷீட் டைப் அடிச்சு, அதுக்கு இணைப்பும் வெச்சுக் கொண்டு வந்தவர் நீர் ஒருத்தர்தான். மெஷின் உபயோகமில்லைன்னு எழுதி ஏலத்தில் விட்டுடலாம். செலவும் இல்லை, விசாரணையும் இல்லை. எல்லாரும் நிம்மதியா இருக்கலாமே?"

"விசாரணை முடிக்கப்படாமல் நின்றால், மார்ச்சில் தேவராஜின் பெயர் நிலுவையில் வைக்கப்படும், சார். நிலுவையில் உள்ளவனை நிரந்தரமாக்க விதி இல்லை" என்றேன்.

"இதுக்கு மட்டும் விதி கரெக்டா ஞாபகம் வரது உமக்கு" என்றார். காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். என்ன செய்வார் என்று தெரியவில்லை.

டிரான்ஸ்மிஷனைப் பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். பெட்டியின் மேல் பொருளின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் நின்றேன். பார்சல் குமாஸ்தா 'இயந்திர பாகம்' என்று எழுதி ஒட்டிவிட்டார்.

அண்ணா

*

கோயமுத்தூர்
22-1-1979

அண்ணா அவர்களுக்கு, பாலசுப்ரமணியனின் வணக்கம்.

நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கையைக் கழுவிவிட்டு எழுதுகிறேன். அப்படியும் ஓரத்தில் கறை இருக்கும், மன்னிக்கவும்.

பிரித்துப் பார்த்தேன். பம்பும், அதன் எண்ணெய் அழுத்தத்தில் சுற்றும் மோட்டாரும் உள்ளே உரசித் தேய்ந்திருக்கின்றன. மேல் கூடு நன்றாக இருக்கிறது. தேய்ந்த பரப்புகளை இழைத்து, எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல்களை மெட்ராஸில் செய்யக் கொடுத்து, பழைய மண்வெட்டும் இயந்திரம் ஒன்றிலிருந்து எடுத்த பிஸ்டன்களைப் பொருத்தினால் ஓடும். எல்லாம் சேர்த்து ரூபாய் மூவாயிரத்து நூற்று நாற்பது. என் கூலி இதில் சேர்ந்தது. உறவு என்று குறைக்கவில்லை. குறைத்தால் நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்று கல்பகம் சொன்னாள்.

ஓட்டியவன் மேல் தப்பே கிடையாது என்று தனித் தாளில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உள்ளே இருந்த நிலையைப் பார்த்தால் இது ஒரு வருஷத்திலேயே நின்றிருக்க வேண்டும். இரண்டு வருஷம் ஓடியிருக்கிறது. யாரோ அதை மிகவும் பதமாக ஓட்டியிருக்கிறார்கள்.

இனிமேல் குமிழைத் திறந்தாலும் டிராக்டரில் கட்டக் கூடாது. ஆள் கையால் தள்ளலாம். அவ்வளவுதான்.

பாலசுப்ரமணியன்

*

மாரெட்பள்ளி
2-4-1979

சௌபாக்கியவதி கல்பகத்துக்கும் மாப்பிள்ளைக்கும் அண்ணாவின் ஆசிகள். நாங்கள் மூவரும் சுகம். ராஜம் ஒரு பல் குறைவாக இருந்தாலும் சிரிக்கிறாள். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

மாப்பிள்ளையின் தாளைப் புதிய விசாரணை அதிகாரி ஏற்றுக்கொண்டார். தேவராஜ் மீதான குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. பழுதுச் செலவில் பாதியை நிறுவனமும் பாதியை நானும் ஏற்க வேண்டும் என்று ஜெனரல் மானேஜர் எழுதியிருக்கிறார். என் பங்கு பன்னிரண்டு தவணைகளில். என் கோப்பில் ஓர் எச்சரிக்கை சேர்ந்திருக்கிறது. அதன் நகலை மூன்று முறை படித்தேன். 'விதிகளைக் கவனத்துடன் பின்பற்றியதன் விளைவாக' என்று தொடங்குகிறது. இது கண்டனமா, பாராட்டா என்று தெரியாமல் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டேன்.

சனிக்கிழமை, முப்பத்தொன்றாம் தேதி, பட்டியல் வந்தது. பதினோராவது பெயர் தேவராஜ். தகப்பனாரிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். "ஆபீசர் வண்டி ஓட்டறேன்னு முந்தியே சொல்லிட்டேனே சார், புதுசா என்ன சொல்றது?" என்றான்.

டிரான்ஸ்மிஷன் சென்ற வாரமே பொருத்தப்பட்டது. ஜெனரல் மானேஜர் கேட்டதால், 41/76-க்குப் பதிலாகப் புதிய ஆணை ஒன்றும் எழுதியிருந்தேன்: சாலையைக் கடக்கும்போது இயந்திரத்தை மூன்று பேர் கையால் தள்ள வேண்டும். கையேட்டுக்கும் சட்டத்துக்கும் ஒருசேரப் பொருந்தும் ஆணை. வாகனமாகப் பதிவு செய்ய விண்ணப்பமும் போட்டிருக்கிறேன். அதற்குச் சில மாதங்கள் ஆகும். இன்று காலை ஆணையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். கையேட்டையும் எடுத்துப் போனேன். அது இனி தோட்டக் கொட்டகையில், தேவராஜிடம் இருக்கும். நனைந்தால் நனையட்டும்.

கேட்டில் தேவராஜ் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். சட்டைப் பையிலிருந்து நிரந்தர உத்தரவு வெளியே எட்டிப் பார்த்தது. பின்னால் இரண்டு தோட்டக்காரர்கள் தள்ளுவதற்குத் தயாராக முண்டாசைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தேவராஜ் என்னைப் பார்த்ததும் என்ஜினை அணைத்துவிட்டு, மூன்றாவது ஆளாகத் தள்ள இறங்கப் போனான். அந்தச் சத்தம் நின்றது எனக்குப் பிடிக்கவில்லை.

"இறங்க வேண்டாம்" என்றேன். "ஸ்டார்ட் பண்ணு."

"சார், ரோடு சார். ரூல்..."

"இரு" என்றேன்.

ஆணையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். சாலையின் நடுவே போய் நின்று, குடையை உயர்த்தி, இரண்டு பக்கமும் கையைக் காட்டினேன். ஜீடிமெட்லா பக்கம் போகும் பஸ் ஒன்று, இரண்டு லாரிகள், ஷிஃப்ட் விட்டு வந்த சைக்கிள்கள் எல்லாம் நின்றன. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டித் தெலுங்கில் ஏதோ கேட்டார். நான் யார் என்று கேட்டிருக்க வேண்டும். சொல்வதற்கு என்னிடம் பொருத்தமான பதவி எதுவும் இல்லை. எனவே கையை இறக்காமல் நின்றேன்.

தேவராஜ் பெடலை மெல்ல அழுத்தினான். இயந்திரம் ஊளையில்லாமல், நாற்பத்திரண்டு அடி அகலமுள்ள பொதுச் சாலையைத் தன் சக்தியாலேயே கடந்தது. பதினெட்டு நொடி. அந்தப் பக்கம் போனதும் அவன் திரும்பிப் பார்த்து, வண்டி ஓட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் காட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன்.

மாலையில் இதே முறையில் திரும்பி வந்தது. நாளையும் போக வேண்டும்.

எந்த விதியின் கீழ் என்று மாப்பிள்ளை கேட்டால், விவரம் சேகரித்து வருகிறேன் என்று சொல்.

அண்ணா,
ரகுநாதன்